ஜனாதிபதி வேட்பாளரை எடைபோடுவது எப்படி? இலங்கை வாக்காளருக்கான முழுமையான வழிகாட்டி

2024 செப்டெம்பர் 21 அன்று வாக்காளர் கையில் கிடைத்த வாக்குச்சீட்டில் 39 பெயர்கள் இருந்தன. ஒருவர் இடையில் காலமாகிவிட, களத்தில் நின்றவர்கள் 38 பேர். ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றைத் தருவதாகச் சொன்னார்கள். வரியைக் குறைப்போம், மாகாண சபைகளுக்கு அதிகாரம் தரும் 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தை முழுமையாக நடைமுறைப்படுத்துவோம், பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவோம், நிறைவேற்று ஜனாதிபதி முறையையே ஒழிப்போம் என்று அந்தப் பட்டியல் நீண்டது. இவற்றைப் படிக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இதை எந்த அதிகாரத்தைக் கொண்டு செய்வீர்கள்? கீழே வருவதெல்லாம் இந்தக் கேள்வியை வேட்பாளரிடம் எப்படிப் பொருத்திப் பார்ப்பது என்பதுதான். உதாரணங்கள் பெரும்பாலும் 2024 தேர்தலிலிருந்து எடுக்கப்பட்டவை. அளவுகோல் அடுத்த தேர்தலுக்கும் பொருந்தும்.

படி 1: பட்டியலைச் சுருக்குங்கள்

கட்டுப்பணம் மிகக் குறைவு. அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு 50,000 ரூபா, சுயேச்சைக்கு 75,000 ரூபா. ஆனால் சுயேச்சையாக நிற்க, இந்நாள் அல்லது முன்னாள் பாராளுமன்ற உறுப்பினராக இருக்க வேண்டும். முன்னாள் மட்டக்களப்பு எம்.பி. பா. அரியநேத்திரன் தமிழ்ப் பொது வேட்பாளராகச் சங்குச் சின்னத்தில் நிற்க முடிந்தது இந்த விதியால்தான். ரணில் விக்கிரமசிங்கவும் கட்சிச் சின்னத்தை விட்டு, காஸ் சிலிண்டர் சின்னத்தில் சுயேச்சையாகவே நின்றார்.

பட்டியலில் இருக்கும் பலர் இன்னொரு பெரிய வேட்பாளருக்காக நிற்பவர்கள். அரச ஊடகங்களில் கிடைக்கும் நேரமும் வாக்கெண்ணும் நிலையத்தில் முகவர்களை வைக்கும் உரிமையும் அவர்கள் வழியாக அந்தப் பெரியவருக்குப் போய்ச் சேரும். ஒருவர் தன் பேச்சு நேரம் முழுவதையும் இன்னொருவரைப் புகழவோ தாக்கவோ செலவிட்டால், அவருடைய விஞ்ஞாபனத்தைப் படிக்கத் தேவையில்லை. ஐந்தாறு பேரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 2: பின்னணியை ஆண்டு வரிசையில் எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து இடப்பக்கம் ஆண்டு, நடுவில் வகித்த பதவி, வலப்பக்கம் அந்தப் பதவியில் அல்லது அந்த நேரத்தில் எடுத்த முடிவு என மூன்று நிரல் போடுங்கள். பிறந்த ஊர், படித்த பாடசாலை, குடும்பம் ஆகியவை முதல் இரண்டு வரிகளோடு முடிந்துவிட வேண்டும். மூன்றாவது நிரல்தான் முக்கியம்.

அநுர குமார திசாநாயக்கவுக்கு இந்தத் தாளை நிரப்பினால் இப்படி வரும். 1968 இல் பிறப்பு. 1987 இல் மக்கள் விடுதலை முன்னணியில் (ஜே.வி.பி.) இணைவு. இந்திய இலங்கை ஒப்பந்தத்தை எதிர்த்து அக்கட்சி ஆயுதக் கிளர்ச்சிக்குள் போன காலம் அது. களனிப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானப் பட்டம். 2000 இல் தேசியப் பட்டியல் வழியாகப் பாராளுமன்றம். 2004 இல் சந்திரிகா அரசில் விவசாய அமைச்சர். 2005 ஜூனில் அந்தப் பதவியிலிருந்து விலகல்.

இந்தக் கடைசி வரியில் சற்று நில்லுங்கள். விலகலுக்குக் காரணம் சுனாமி நிவாரணப் பொதுக் கட்டமைப்பு. கடலோரம் சிதைந்து கிடந்த வடக்கு கிழக்கில் நிவாரணத்தை விடுதலைப் புலிகளோடு சேர்ந்து நிர்வகிக்கச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. அதை எதிர்த்தே ஜே.வி.பி. அரசிலிருந்து வெளியேறியது. அடுத்த ஆண்டு, 2006 ஒக்டோபர் 16 இல், அக்கட்சியினர் தொடுத்த வழக்கில் வடக்கு கிழக்கு இணைப்பு செல்லாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2014 இல் கட்சித் தலைமை. 2019 இல் ஜனாதிபதித் தேர்தலில் 418,553 வாக்குகள், அதாவது 3.16 வீதம். ஐந்தே ஆண்டுகளில் 42 வீதத்தைத் தாண்டியவர் இவர். அந்த உயர்வுக்குக் கொள்கை மாற்றம் காரணமா, 2022 நெருக்கடி காரணமா என்று பார்ப்பதற்கு மூன்றாவது நிரலே உதவும்.

சஜித் பிரேமதாசவுக்கு: 1967 இல் பிறப்பு, 1993 மே தினத்தில் கொல்லப்பட்ட ஜனாதிபதி ரணசிங்க பிரேமதாசவின் மகன், 2000 முதல் பாராளுமன்றத்தில், 2015 முதல் 2019 வரை வீடமைப்பு அமைச்சர், 2020 இல் ஐக்கிய மக்கள் சக்தியின் தலைவர். ரணில் விக்கிரமசிங்கவின் தாள் நீளமானது. 1977 முதல் பாராளுமன்றம், ஆறு முறை பிரதமர், 1999 இலும் 2005 இலும் ஜனாதிபதித் தேர்தலில் தோல்வி, 2022 ஜூலை 20 இல் பாராளுமன்றத்தின் 134 வாக்குகளால் ஜனாதிபதி. நீண்ட தாள் உள்ளவரிடம் கேட்க வேண்டியது அதிகம், ஏனென்றால் செய்யக் கிடைத்த வாய்ப்பும் அதிகம்.

வலப்பக்க நிரலை நிரப்ப, பாராளுமன்ற உரைகளையும் வாக்கெடுப்புகளையும் பதிவுசெய்யும் ஹன்சார்ட்டை விட நல்ல மூலம் கிடையாது. பாராளுமன்ற இணையத்தளத்தில் திகதி வாரியாக இருக்கிறது. முழுவதையும் படிக்க வேண்டாம். ஜனாதிபதியின் அதிகாரத்தைக் கூட்டிய 18 ஆவது (2010), 20 ஆவது (2020) திருத்தங்கள், குறைத்த 19 ஆவது (2015), 21 ஆவது (2022) திருத்தங்கள் ஆகிய நான்கு வாக்கெடுப்புகளை மட்டும் தேடுங்கள். ஆதரவா, எதிர்ப்பா, சபையில் இல்லையா? சபையில் இல்லாததும் ஒரு பதில்தான். ‘அதிகாரத்தைக் குறைப்பேன்’ என்று மேடையில் சொல்பவர் 20 ஆவது திருத்தத்துக்குக் கை தூக்கிய 156 பேரில் ஒருவரா என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

வழக்குகளைப் பொறுத்தவரை குற்றச்சாட்டு, குற்றப்பத்திரம், தீர்ப்பு ஆகிய மூன்றையும் ஒன்றாகக் குழப்பாதீர்கள். பலர் தவறுவது இங்கேதான். முகநூலில் சுற்றுவது பெரும்பாலும் முதல் வகை. தீர்ப்பு வேறு. ஈஸ்டர் குண்டுவெடிப்பைத் தடுக்கத் தவறியதற்காக மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் என 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சொன்னது. பொருளாதார நெருக்கடிக்குக் காரணமானவர்கள் பொது நம்பிக்கையை மீறினார்கள் என்று ராஜபக்ச சகோதரர்கள் உள்ளிட்டோர் மீது அதே ஆண்டு நவம்பரில் முடிவு வந்தது. இவை அடிப்படை உரிமை வழக்குகள், குற்றவியல் தண்டனைகள் அல்ல. தாளில் எழுதும்போது இந்த வேறுபாட்டையும் சேர்த்தே எழுதுங்கள்.

படி 3: சொத்தும் செலவும்

2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின் கீழ் வேட்பாளர் சொத்துகளையும் பொறுப்புகளையும் வெளிப்படுத்த வேண்டும். 2024 வேட்பாளர்களின் விவரங்கள் தேர்தல்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் வெளியாயின. மொத்தத் தொகையைப் பார்த்து வியப்பதில் பயனில்லை. வருமானம் எங்கிருந்து வருகிறது, துணைவர் பெயரில் என்ன இருக்கிறது, கடன் யாரிடம், காணிக்கு எழுதியிருக்கும் பெறுமதி வாங்கிய காலத்து விலையா இன்றைய விலையா என்று பாருங்கள். வாங்கிய விலையைப் போட்டிருந்தால் கொழும்பில் உள்ள வீடும் சிறு தொகையாகத் தெரியும்.

செலவுக்கும் இப்போது எல்லை உண்டு. 2023 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கத் தேர்தல் செலவு ஒழுங்குபடுத்தல் சட்டத்தின்படி 2024 இல் ஒரு வாக்காளருக்கு 109 ரூபா என நிர்ணயித்தார்கள். பதிவான வாக்காளர் 17,140,354 பேர். பெருக்கினால் ஒரு வேட்பாளருக்கு ஏறக்குறைய 187 கோடி ரூபா. முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் செலவறிக்கை கொடுக்க வேண்டும். உங்கள் ஊரில் நடந்த ஒரு பெரிய கூட்டத்தை எடுத்து, மேடை, ஒலிபெருக்கி, பஸ், சாப்பாட்டுப் பொதி எல்லாம் அறிக்கையில் எந்த இடத்தில் வருகிறது என்று பார்த்தாலே அறிக்கை எவ்வளவு நேர்மையானது என்று புரியும்.

படி 4: உறுதிமொழிகளை நான்கு பெட்டியில் போடுங்கள்

இந்த வழிகாட்டியின் நடுநாயகம் இந்தப் படிதான். விஞ்ஞாபனத்தில் உள்ள ஒவ்வொரு உறுதிமொழிக்கும் பக்கத்தில் 1, 2, 3, 4 என இலக்கம் இடுங்கள்.

பெட்டி 1, ஜனாதிபதியின் கையெழுத்து மட்டும் போதும்.
பெட்டி 2, பாராளுமன்றத்தில் சாதாரணப் பெரும்பான்மையோடு ஒரு சட்டம் வேண்டும்.
பெட்டி 3, மூன்றில் இரண்டு, அதாவது 225 இல் 150 வேண்டும்.
பெட்டி 4, அந்த 150 க்கு மேல் சர்வஜன வாக்கெடுப்பும் வேண்டும்.

நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழிப்பது பெட்டி 4. 1994 இல் சந்திரிகாவும் 2005 இல் மகிந்தவும் 2015 இல் மைத்திரியும் இதையே சொல்லித்தான் வந்தார்கள். மூவரும் அந்தக் கதிரையில் இருந்தே ஓய்ந்தார்கள். எனவே இதைச் சொல்பவரிடம் 150 பேர் எங்கிருந்து வருவார்கள், எந்த ஆண்டில் வாக்கெடுப்பு என்று கேட்க வேண்டும். ஆண்டு எழுதப்படாத பெட்டி 4 உறுதிமொழிக்கு மதிப்பெண் போடாதீர்கள்.

பெட்டி 2, 3 இல் உள்ளவற்றை எடைபோட வேட்பாளரின் பாராளுமன்றப் பலத்தையும் பார்க்க வேண்டும். 2024 தேர்தல் நாளன்று அநுரவின் கூட்டணியான தேசிய மக்கள் சக்திக்கு 225 இல் 3 ஆசனங்களே இருந்தன. செப்டெம்பர் 23 இல் பதவியேற்ற அநுர மறுநாளே பாராளுமன்றத்தைக் கலைத்தார். நவம்பர் 14 இல் 159 ஆசனங்கள் கிடைத்தன. அதற்குப் பிறகு ‘பலம் போதவில்லை’ என்ற சாட்டுக்கு இடமில்லை. அவருடைய பெட்டி 2, 3 உறுதிமொழிகள் அனைத்தும் அன்றிலிருந்து கணக்கில் வரத் தொடங்கின.

படி 5: விடயம் விடயமாக

13 ஆவது திருத்தம். ‘முழுமையாக’ என்ற சொல்லை நம்பி நின்றுவிடாதீர்கள். சஜித் முழுமையாக நடைமுறைப்படுத்துவதாகச் சொன்னார். ரணில் பொலிஸ் அதிகாரத்தைத் தவிர்த்துப் பேசினார். தேசிய மக்கள் சக்தி புதிய அரசியலமைப்பைப் பற்றிப் பேசியதோடு, ஓராண்டுக்குள் மாகாண சபை, உள்ளூராட்சித் தேர்தல்களை நடத்துவதாகவும் எழுதியது. அரியநேத்திரனின் போட்டி தமிழ் மக்களின் சுயநிர்ணயக் கோரிக்கையைப் பதிவுசெய்வதற்கானது. ஆட்சிக்கான திட்டத்தை அதில் தேடினால் கிடைக்காது. ஒரே அளவுகோலால் அளக்கும்போது இந்த வேறுபாட்டை மனதில் வையுங்கள்.

காணி, பொலிஸ் அதிகாரங்கள் ஏற்கெனவே அரசியலமைப்பில் உண்டு. நடைமுறைக்குத்தான் வரவில்லை. ஆகவே கேள்வியைக் கூர்மையாக்குங்கள்: திருத்தத்திலேயே சொல்லப்பட்டும் இதுவரை அமைக்கப்படாத தேசியக் காணி ஆணைக்குழுவை அமைப்பீர்களா? ஆம் என்றால் எப்போது? இதற்குப் பதில் சொல்லாமல் ‘13 பிளஸ்’ என்று பேசுபவர் எதையும் சொல்லவில்லை.

மாகாண சபைத் தேர்தலில் இன்னொரு கண்ணி இருக்கிறது. ஜனாதிபதி நினைத்தால் நாளைக்கே நடத்தலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். 2017 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் பழைய விகிதாசார முறையை மாற்றி, கலப்பு முறையைக் கொண்டுவந்தது. அதற்கான எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றமே தோற்கடித்தது. பழைய முறையும் இல்லை, புதிய முறைக்கு எல்லையும் இல்லை. தேர்தல் அந்தரத்தில் தொங்குவது இதனால்தான். ஆகவே இது பெட்டி 2. தேதியை மட்டும் சொல்லி, எந்தச் சட்டத்தைத் திருத்துவோம் என்று எழுதாத விஞ்ஞாபனம் பாதி வேலையைத்தான் செய்திருக்கிறது. தேசிய மக்கள் சக்தி தந்த ஓராண்டு உறுதிமொழியில் உள்ளூராட்சித் தேர்தல் 2025 மே 6 இல் நடந்தது. மாகாண சபைத் தேர்தல் அந்த ஓராண்டுக்குள் வரவில்லை.

பயங்கரவாதத் தடைச் சட்டம். 1979 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டத்தை நீக்குவது பெட்டி 2. ஆனால் அதற்குள்ளேயே பெட்டி 1 ஒன்று ஒளிந்திருக்கிறது. நீதிமன்றத் தீர்ப்பு இல்லாமல் ஒருவரைத் தடுத்துவைக்கும் ஆணையில் கையெழுத்திடுபவர் பாதுகாப்பு அமைச்சர். அந்த அமைச்சு ஜனாதிபதியிடமே இருக்கிறது. ஒரு ஆணை 90 நாட்களுக்கு, நீட்டித்தால் 12 மாதம் வரை. சட்டம் நீங்கும்வரை அந்தப் பேனாவை எடுக்க மாட்டேன் என்று ஒரு ஜனாதிபதி முதல் நாளே சொல்ல முடியும். அதைச் சொன்னவர் யார் என்று தேடுங்கள். நீக்கிய சட்டத்தின் இடத்தில் எது வரும் என்பதும் முக்கியம். 2023 இல் வர்த்தமானியில் வந்த மாற்றுச் சட்டமூலத்தின் வரைவிலக்கணங்கள் அகலமானவை என்று கடும் எதிர்ப்பு எழுந்தது.

இராணுவத்திடம் உள்ள காணிகள். வலிகாமம் வடக்கு போன்ற இடங்களில் காணி விடுவிப்பு முழுக்க முழுக்கப் பெட்டி 1. முப்படைகளின் தளபதி ஜனாதிபதி. ‘படிப்படியாக’ என்ற சொல் வந்தால் எத்தனை ஏக்கர், எந்தக் கிராம உத்தியோகத்தர் பிரிவு என்று கேளுங்கள். விடுவித்ததாகச் சொல்லும் காணி தனியாருடையதா அரச காணியா என்பதையும் பாருங்கள். இரண்டையும் ஒன்றாகக் கூட்டி எண்ணிக்கை காட்டுவது பழைய பழக்கம். பிரதேச செயலகத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தால், தருவதா மறுப்பதா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

வரியும் கடனும். சர்வதேச நாணய நிதியத்தின் 48 மாத, ஏறக்குறைய 290 கோடி டொலர் திட்டம் 2023 மார்ச் 20 இல் அங்கீகரிக்கப்பட்டது. வட்டிச் செலவை விட்டுக் கணக்கிட்டால், 2025 இல் அரசுக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 2.3 வீதம் மிச்சம் வர வேண்டும் என்பது அதன் நிபந்தனை. யார் வந்தாலும் இந்த இலக்கம் மேசையில் இருந்தது. ஆகவே வற் வரியில் பொருட்களை விலக்குவேன், வருமான வரியைக் குறைப்பேன் என்பவர், குறையும் தொகையை எங்கிருந்து ஈடுசெய்வார் என்று அடுத்த பக்கத்திலாவது எழுதியிருக்க வேண்டும். தேசிய மக்கள் சக்தி வரிவிலக்கு எல்லையை மாதம் 1 லட்சத்திலிருந்து 2 லட்சமாக்குவதாகச் சொன்னது. 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது ஒன்றரை லட்சம். கடன் நிலைபேற்றுக்கு, அதாவது நாட்டால் கடனைத் தாங்க முடியுமா என்பதற்கு, தன்னுடைய மாற்றுப் பகுப்பாய்வை முன்வைப்பதாகவும் சொல்லியிருந்தது. பதவிக்கு வந்தபின், முந்தைய அரசு கடன்கொடுத்தோரோடு கண்ட இணக்கத்தையே முன்னெடுத்தது.

மலையகம். நாட்சம்பளம் 1,700 ரூபா என்று 2024 மே தினத்தில் கொட்டகலையில் ரணில் அறிவித்தார். தோட்டக் கம்பனிகள் நீதிமன்றம் போயின, இடைக்காலத் தடை வந்தது. செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ஆக நின்றது. மீதி 350 ஊக்கத்தொகையாகத் தனியே பேசப்பட்டது. சம்பளத்தை முடிவுசெய்வது சம்பளச் சபை. அதில் கம்பனிகளும் உட்கார்ந்திருக்கின்றன. எனவே தொகையைக் கேட்டதும் கைதட்டாமல் அது அடிப்படையா, கொடுப்பனவா, எத்தனை கிலோ கொழுந்துக்கு என்று மூன்று கேள்வி கேளுங்கள். லயனுக்குப் பதிலாகக் காணி என்பவரிடம் எத்தனை பேர்ச்சஸ், உறுதி யார் பெயரில் என்று கேளுங்கள்.

படி 6: இரண்டு மொழியிலும் படியுங்கள்

தமிழ் விஞ்ஞாபனத்தோடு நிறுத்திக்கொள்வது பெரிய பிழை. சிங்களம் தெரிந்த ஒருவரோடு உட்கார்ந்து, அரசியல் தீர்வு பற்றிய இரண்டு பக்கத்தை மட்டும் வரிக்கு வரி ஒப்பிடுங்கள். சொல் எவ்வளவு வேலை செய்யும் என்பதற்கு ஒரு எடுத்துக்காட்டு: 2017 செப்டெம்பரில் வந்த அரசியலமைப்பு இடைக்கால அறிக்கை, சிங்களத்தில் ‘ஏக்கிய ராஜ்ய’ என்றும் தமிழில் ‘ஒருமித்த நாடு’ என்றும் நாட்டை வர்ணித்தது. ‘ஏக்கிய’ என்பதைத் தெற்கு ஒற்றையாட்சி என்றே வாசித்தது. ‘ஒருமித்த’ என்பதை வடக்கு அப்படி வாசிக்கவில்லை. ஒரே ஆவணத்தை இரண்டு பக்கமும் இரண்டு விதமாக நம்பினார்கள். வேட்பாளர் யாழ்ப்பாணத்தில் பயன்படுத்தும் சொல்லும் மாத்தறையில் பயன்படுத்தும் சொல்லும் ஒன்றுதானா? இரண்டு கூட்டங்களின் காணொளியும் இணையத்தில் கிடைக்கும். இந்த ஒப்பீட்டுக்கு ஒரு மாலை நேரம் போதும்.

படி 7: விருப்பு வாக்கைக் கணக்குப் பார்த்து இடுங்கள்

வாக்காளர் மூன்று பேர் வரை 1, 2, 3 என்று விருப்பு வரிசை இடலாம். செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் முதலாவது விருப்பாகப் பெற்றவர் வெல்வார். யாருக்கும் அது கிடைக்காவிட்டால் முதல் இருவரைத் தவிர மற்றவர்கள் நீக்கப்படுவார்கள். நீக்கப்பட்டவருக்கு 1 இட்ட சீட்டுகளை மட்டும் மீண்டும் எடுத்து, இரண்டாவது விருப்பு அந்த இருவரில் ஒருவருக்கா என்று பார்ப்பார்கள். இல்லையென்றால் மூன்றாவது விருப்பு. அதுவும் இல்லையென்றால் அந்தச் சீட்டு அங்கேயே நின்றுவிடும். முதல் இருவரில் ஒருவருக்கு 1 இட்டிருந்தால் உங்கள் 2, 3 திறக்கப்படவே மாட்டாது. ஆகவே 2 இடுவதால் முதல் விருப்பம் பலவீனமாகும் என்ற பயம் ஆதாரமற்றது.

2024 இல்தான் முதன்முறையாக இரண்டாவது எண்ணிக்கை நடந்தது. செல்லுபடியானவை 13,319,616. முதல் சுற்றில் அநுர 5,634,915, சஜித் 4,363,035. நீக்கப்பட்டவர்களின் சீட்டுகள் 33 லட்சத்துக்கு மேல். அவற்றிலிருந்து அநுரவுக்குச் சேர்ந்தவை 105,264, சஜித்துக்கு 167,867. மொத்தம் 273,131, அதாவது நூறு சீட்டில் ஏறக்குறைய எட்டு. மீதி 30 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர் இறுதித் தெரிவில் குரல் இல்லாமல் போனார்கள். வென்றவர் இறுதியில் பெற்ற 5,740,179 செல்லுபடியான வாக்குகளில் 43 வீதமே.

யாழ்ப்பாண மாவட்டத்தில் சஜித் 121,177, அரியநேத்திரன் 116,688. சங்குக்கு 1 இட்ட ஒருவர் தன் கோரிக்கையைப் பதிவு செய்தபின், நாட்டை யார் ஆள்வது என்பதிலும் 2 ஆல் கருத்துச் சொல்லியிருக்கலாம். இரண்டுக்கும் சட்டம் இடம் தருகிறது. வாக்களிக்காமல் விடுவதன் விலையும் தெரிந்ததே. 2005 இல் புலிகளின் பகிஷ்கரிப்பால் யாழ்ப்பாணத்தில் வாக்களிப்பு 1.2 வீதம். ரணில் தோற்றது 180,786 வாக்குகளால். மகிந்த பாதியைத் தாண்டியது முப்பதாயிரத்துக்கும் குறைவான வாக்குகளால்.

சீட்டில் குறியிடும்போது கவனிக்க வேண்டியவை சில. ஒருவருக்கு மட்டும் என்றால் 1 அல்லது புள்ளடி. விருப்பு வாக்கும் இடுவதென்றால் 1, 2, 3 என இலக்கம் மட்டும். புள்ளடியையும் இலக்கத்தையும் ஒரே சீட்டில் கலக்காதீர்கள். 1 இல்லாமல் 2 மட்டும் இட்டால் செல்லாது, இரண்டு பேருக்குப் புள்ளடி இட்டாலும் செல்லாது. பெயரோ கையொப்பமோ வேறு அடையாளமோ எழுதவே கூடாது. 2024 இல் நிராகரிக்கப்பட்டவை 300,300. மாதிரிச் சீட்டொன்றைத் தாளில் வரைந்து, வீட்டில் முதியவர்களோடும் முதல்முறை வாக்களிப்பவர்களோடும் ஒருமுறை குறியிட்டுப் பாருங்கள். பட்டியல் நீளமாக இருப்பதால் சின்னத்தை மட்டும் நம்பாமல் பெயர், சின்னம் இரண்டையும் ஒரே வரியில் விரல் வைத்து வாசித்த பிறகே இலக்கத்தை எழுதச் சொல்லுங்கள்.